எல்லம்மாவின் கப்பல் சீட்டு

கோட்டையில் துபாஷி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, துரை தள்ளிவிடாதபடி விண்ணப்பம் எழுதுவது எப்படி?” இத்தனை வருடம் துரையின் மேசையருகே நின்றவன் ஏதாவது மந்திரம் வைத்திருப்பான் என்று நினைக்கிறீர்கள். என்னிடம் இருந்ததெல்லாம் பயம்தான். அதை மட்டும் ஒரு நாளும் குறைவில்லாமல் வைத்திருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது. கிழவனாகாமலே, கடலில் நிற்கும் கப்பல் தெரிகிறது, கையில் இருக்கும் கடுதாசி தெரியவில்லை என்ற நிலைக்கு வந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். இந்த எழுத்தெல்லாம் நண்டு நண்டாகப் பெரிதாக இருப்பதற்கும் அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு பேசும். பிறகு சிரிப்பு வரும். அடக்க முடியாது, அது ஒரு வியாதி. “இந்த ஆள் எந்த நெருக்கடியிலும் மலர்ந்த முகத்தோடு இருக்கிறான்” என்று ஒரு துரை என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். அதைப் படியெடுத்தவன் நான்தான். படியெடுக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

துணிக்கட்டு வழக்கு, தோணி வழக்கு எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது பெண்சாதிச் சீட்டு. அக்கரையில் வேலைக்குப் போன நம் ஊர் ஆள், தன் பெண்சாதியை அங்கே வரவழைத்துக்கொள்ளக் கேட்கும் கப்பல் சீட்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பஞ்சம் வந்த காலங்களில், ‘பெண்சாதி’ என்று பெயர் போட்டுப் பெண்களைக் கப்பலேற்றி அக்கரையில் விற்றுவிட்ட தரகர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். அதனால் உண்மையான பெண்சாதிதானா என்று விசாரிக்காமல் துரை சீட்டு கொடுப்பதில்லை. தவறான பெண்ணுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் அவளை விற்றவன் நீ. சரியான பெண்ணுக்கு வாங்கித் தரத் தவறினால் ஒரு குடும்பத்தைக் கடலின் இரண்டு பக்கமும் பிரித்து வைத்தவன் நீ. இதற்கு நடுவில் பேனாவைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோட்டைக்குப்பத்து எல்லம்மா வந்தது புரட்டாசி பாதியில். அவள் புருஷன் நாகப்பன் கப்பலில் பாய் கட்டும் வேலைக்குப் போய், கிழக்குக் கடலுக்கு அப்பால் பத்தாவி என்கிற பெரிய ஊரில் தங்கிவிட்டவன். அங்கே அனுமதி வாங்கி, பெண்சாதியை அனுப்பும்படி கடுதாசி அனுப்பியிருந்தான். கடுதாசி சரியாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்து வேலை ஒன்றே ஒன்று: வந்து நிற்கும் இந்தப் பெண் அந்த நாகப்பனின் பெண்சாதிதான் என்று காட்டுவது.

மாதா கோயிலில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் புத்தகத்தில் பெயர் இருக்கும். குப்பத்தில் அம்மன் முன்னால் தாலி கட்டி, மீன் குழம்பு ஊற்றி, மறுநாள் விடிவதற்குள் வலைக்குப் போகிறவர்களுக்கு ஏது புத்தகம்? ஆள்தான் சாட்சி. கப்பலோ கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. காற்று திரும்பிவிட்டால், ஐப்பசிப் புயலுக்கு முன்னால் கிளம்பியே தீரும். தவறவிட்டால் அடுத்த பருவம். அதற்குள் அந்தப் பக்கத்து அனுமதி செல்லுமா என்பதும் யாருக்கும் தெரியாது.

“சாட்சிக்கு யார வேணா கூப்டுக்குங்க சாமி,” என்றாள் எல்லம்மா. “எங்க மாமன் கிட்ட மட்டும் போவாதீங்க.”

“ஏம்மா?”

“அவுரு வாயத் தொறந்தா கல்யாணம் கெட்டுப் போவும்.”

“கல்யாணம்தான் எப்பவோ முடிஞ்சிடுச்சே.”

“அத்த அவுரு இன்னும் ஒத்துக்கலியே.”

விஷயம் இதுதான். எல்லம்மாவின் தாய்மாமன் தேசப்பன், தோணிரேவு குப்பத்துக்காரன். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அவன்தான் எல்லாம். கல்யாண விருந்தில் மாமனுக்கு முதல் இலை போட்டு, கொடுவா மீனின் தலையை அந்த இலையில் வைப்பது மரியாதை. பரிமாறியவன் தலையைக் கொண்டுபோய் மாப்பிள்ளை ஊர் நாட்டாரின் இலையில் வைத்துவிட்டான். நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அவரும் யோசிக்காமல் சாப்பிட்டுவிட்டார். தேசப்பன் இலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து போனவன்தான். அதற்குப் பிறகு எல்லம்மாவோடு ஒரு வார்த்தை கிடையாது.

அவனைத் தவிர்த்துவிட்டு இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருவர் அதே நாட்டார். இன்னொருத்தி எல்லம்மாவின் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. கருவாடு விற்பவள், குரல் கொடுத்தால் காக்கைகள் பறக்கும்.

“கல்யாணம் எந்த மாதம்?” என்று கேட்டேன்.

“எறா நெறைய உழுந்திச்சே, அப்ப,” என்றார் நாட்டார்.

“இன்னா நாட்டாரே ஒளர்றீங்க? அன்னிக்கி மழ கொட்டிச்சி. பந்தல் ஒழுவி கொழம்பெல்லாம் தண்ணி,” என்றாள் சின்னப்பொண்ணு.

“கொழம்பு தண்ணியா இருந்திச்சி சரி. அது மழையால இல்ல. பொண்ணூட்டுக்காரங்க கைவரிசை.”

வயிறு பேச ஆரம்பித்தது. ஆளுக்கு ஒன்று சொன்னால் துரை நம்புவாரா? நானே ஒரு நல்ல மாதமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வைகாசி, வளர்பிறை, வெள்ளிக்கிழமை. மழையை நிறுத்தினேன். பந்தலின் ஓட்டையை அடைத்தேன். குழம்பைக் கெட்டியாக்கினேன். மாமன் சண்டையை அடியோடு நீக்கினேன். முடிவில், எழுத்துக்காரன் இல்லையா, அலங்காரமாக ஒரு வாக்கியமும் சேர்த்தேன்: சுற்றமும் நட்பும் சூழத் திருமணம் இனிதே நிறைவேறியது. இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

“இன்னா சாமி, கூத்தா கட்டப் போறோம்?” என்றாள் சின்னப்பொண்ணு.

“சொன்னதைச் சொல்லு தாயே, போதும்.”

தம்பிகளே, அந்த நாளில் என்னைப் பார்த்திருந்தால் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் காலை வரை.

விசாரணையில் துரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். நாட்டார் வந்தார். வைகாசி, வளர்பிறை, வெள்ளிக்கிழமை என்று தொடங்கி அந்த அலங்கார வாக்கியம் வரை ஒப்பித்தார். நான் அதைத் துரைக்கு அவருடைய ஒல்லாந்து மொழியில் சொன்னேன். துரை தலையாட்டினார். அடுத்து சின்னப்பொண்ணு. வைகாசி, வளர்பிறை, வெள்ளிக்கிழமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்ணின் வாயிலிருந்து ‘இனிதே நிறைவேறியது’ என்று வந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காது இருந்தது. “சுத்தமும் நத்பும்,” என்றார் மெதுவாக. “முன்னால் வந்தவரும் இதையே சொன்னார் அல்லவா?”

நான் சிரித்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

துரை சிரிக்கவில்லை. “போன கப்பல் சமயத்தில் ஒரு தரகன் கொண்டுவந்த சாட்சிகளும் இப்படித்தான் ஒரே பாட்டைப் பாடினார்கள். அந்தப் பெண் யாருக்குமே பெண்சாதி இல்லை என்று பிறகு தெரிந்தது. இவர்களை நான் ஏற்க முடியாது. கப்பல் நாளைக் காலை கிளம்புகிறது. பொழுது சாய்வதற்குள் வேறு சாட்சி இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் இந்த விண்ணப்பம் முடிந்தது.”

வெளியே சுவரோரம் மூட்டையோடு எல்லம்மா நின்றிருந்தாள். பாத்திரங்களையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது.

“சிரிக்கிறீங்களே சாமி. சீட்டு குடுத்துட்டாரா?”

அந்த நிமிஷத்தில் என் முகத்தைக் கழற்றிக் கோட்டைக்குப் பக்கத்து ஏரியில் எறிய முடிந்திருந்தால் எறிந்திருப்பேன். உள்ளே போய்ப் பேனாவைச் சீவினேன். பயத்தில் சீவிச் சீவி இறகு முழுக்கத் தீர்ந்து, விரல் நகத்தளவு துண்டு மிஞ்சியது. இன்னொன்றை எடுத்தேன். அதையும் சீவினேன்.

அப்போதுதான் கோட்டை வாசலில் கூச்சல் கேட்டது.

“எவன்டா அவன்? எங்க அக்கா பொண்ண கப்பல்ல ஏத்தி விக்கப் பாக்கறவன் எவன்டா?”

எட்டிப் பார்த்தேன். இடுப்பில் ஈரத் துண்டு, தோளில் துடுப்பு, காவல்காரர்கள் இருவருக்கு நடுவில் திமிறிக்கொண்டு ஒருவன். எல்லம்மா மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “மாமன்,” என்றாள்.

துரை மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். “யார் அது?”

மீன் விற்க வந்தவன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் காவல்காரர்கள் விரட்டியிருப்பார்கள். ஒரு சங்கடம் குறைந்திருக்கும். ஆனால் துடுப்போடு வந்தவனிடம் மீன் எங்கே என்று துரை கேட்டுத் தொலைத்தால்? நான் உண்மை சொன்னது யோக்கியதையால் அல்ல, பொய்க்கு மீன் இல்லாததால்.

“பெண்ணின் தாய்மாமன். அவள் போவது அவனுக்கு இஷ்டமில்லை.”

“கூப்பிடுங்கள்.”

தேசப்பன் உள்ளே வந்தான், பின்னாலேயே எல்லம்மாவும். துரையைப் பார்க்கவில்லை, எல்லம்மாவைப் பார்க்கவில்லை. மூலையில் சின்னப்பொண்ணோடு இன்னும் நின்றிருந்த நாட்டாரைத்தான் பார்த்தான்.

“இந்த ஆளு சாட்சியா? வெளங்கும்! யோவ் துபாஷி, உங்க தொரை கிட்ட சொல்லு. அந்தக் கல்யாணம் செல்லாது.”

சொன்னேன். துரை பேனாவை மைக்கூட்டில் வைத்தார். “எந்தக் கல்யாணம் என்று கேளுங்கள்.”

“எந்தக் கல்யாணமா? நாகப்பன் இவ கழுத்துல தாலி கட்டினானே, அந்தக் கல்யாணம்! நாந்தான் முன்னால நின்னேன். தாலிய எடுத்துக் குடுத்ததே இந்தக் கையி. குடுத்துட்டு வந்து எலையில குந்தறேன், மீனு தலைய இந்த ஆளு எலையில வெக்கறானுங்க!”

“எலையில வெச்சத துன்னாம இன்னா பண்ணுவாங்க?” என்றார் நாட்டார். “எம்மேல குத்தமா?”

“வெச்சவன் குருடன். துன்னவனுக்குமா கண்ணு இல்ல?”

“தேசப்பண்ணா, நீ எலைய தூக்கி எறிஞ்சியே, அது எம்மேல தான் உழுந்திச்சி,” என்று சின்னப்பொண்ணு நடுவில் புகுந்தாள். “புதுச் சேல. மழையில நனைஞ்சது பத்தாதுனு கொழம்பு வேற!”

“மழையா அது? தூத்தலு!”

“பந்தலே சாஞ்சிச்சி, தூத்தலாம்!”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வைகாசி போன இடம் தெரியவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு துண்டு துண்டாக மொழிபெயர்த்தேன். மீன் தலை, புதுச் சேலை, சாய்ந்த பந்தல். இந்தக் கோட்டையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் ஒல்லாந்து மொழியில் கொடுவா மீன் தலையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள். என் பிழைப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

துரை கையைத் தூக்கினார். “ஆக, கல்யாணம் நடக்கவே இல்லை என்று சொல்லவா இந்த மனிதர் வந்திருக்கிறார்?”

“இல்லை ஐயா. நடந்த விதம் சரியில்லை என்று சொல்ல வந்திருக்கிறார்.”

துரையின் முகம் மாறியது. “இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது,” என்றார். “இவருடைய வாக்குமூலத்தை எழுதுங்கள். படித்துக் காட்டி, குறி வாங்குங்கள். சீட்டு கொடுத்துவிடலாம்.”

இங்கேதான் தம்பிகளே, நீங்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும்.

எழுதினேன். நான் எல்லம்மாவின் தாய்மாமன். நாகப்பன் அவளுக்குத் தாலி கட்டியதைக் கண்ணால் கண்டேன். விருந்தில் மனஸ்தாபம் வந்து எழுந்து போனேன். எல்லாம் அவன் சொன்னதுதான். தேசப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாட்டார் மேல் பிராது எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“நல்லா எழுது. துன்னவன் பேரையும் எழுது. எங்க குறி போடணும்?”

தன் வலையின் மிதவைக் கட்டைகளில் செதுக்கும் குறியைத்தான் அவர்கள் கடுதாசியிலும் போடுவார்கள். பேனாவை உளி மாதிரி பிடித்துக்கொண்டு தயாராக நின்றான். அவன் ஒரு கோடு இழுத்தால் போதும். எல்லம்மா கண்ணிமைக்காமல் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரை வேறு கடுதாசியை எடுத்துவிட்டார். எழுதியதை அப்படியே படித்துக் காட்டியிருந்தாலும் பொய்யில்லை. அது எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்தத் தரகர்களைப் பற்றி நினைத்தேன். அவர்களும் இப்படித்தானே வாங்கியிருப்பார்கள்? தகப்பனிடம், அண்ணனிடம், மாமனிடம், எதற்கு என்று சொல்லாமல் ஒரு குறி. எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு என்னென்னவோ பேசியது. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“தேசப்பா, இது நாட்டார் மேலே பிராது இல்லை. நீ குறி போட்டால் எல்லம்மா நாளைக்குக் கப்பல் ஏறிவிடுவாள். இது அதற்கான சாட்சி.”

பேனா அந்தரத்தில் நின்றது. எல்லம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

“அப்ப போட மாட்டேன்,” என்றான்.

“என்ன சொல்கிறார்?” என்றார் துரை.

“யோசிக்கிறார் ஐயா.”

தேசப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: “அவள கேளு. அங்க வித்துட்டானுங்கன்னா யாரு கிட்ட போயி அழுவானு கேளு.”

எல்லம்மா பக்கத்தில்தான் நின்றாள். இருந்தாலும் திரும்பி அவளிடம் சொன்னேன்: “அங்கே விற்றுவிட்டால் யாரிடம் போய் அழுவாய் என்று கேட்கிறார்.”

“புருசன் கிட்ட போறவள யாரு விக்கப் போறாங்கனு சொல்லுங்க சாமி.”

“புருஷனிடம் போகிறவளை யார் விற்பார்கள் என்கிறாள்.”

“அவன் இன்னும் அங்க தான் கீறானானு இன்னா நெசம்னு கேளு.”

இத்தனை வருட வேலையில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது அன்று மட்டும்தான். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நடுவில் என்னை விட்டுவிட்டு எல்லம்மாவே பேசினாள்.

“போவலன்னா மட்டும் எனக்கு யாரு கீறா மாமா? ஒரு நாளு எங்க வாசப்படி மிதிச்சியா நீ? நா கீறேனா செத்தேனானு பாத்தியா?”

தேசப்பன் பேனாவை மேசையில் வைத்தான்.

“மீன் பாடுக்குப் போவும்போது,” என்றான், “ஏரியில உங்க குப்பத்துக்கு நேரா தோணிய நிறுத்திக்குவேன். உன் ஊட்டுக் கூரையில பொக வரும். வந்தா தான் வலைய எறக்குவேன். வரலன்னா...” அதற்கு மேல் சொல்லவில்லை.

எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நாட்டார் தரையைப் பார்த்தார்.

“போறியா?” என்றான், அவள் முகத்தைப் பார்த்து.

“போறேன் மாமா.”

அவன் குறி போட்டான். கடுதாசி கிழிந்துவிடும் போல அழுத்திப் போட்டான். “இன்னொண்ணு எழுது,” என்றான் என்னிடம். “இவளுக்கு ஒரு கொறனா, இங்க கேக்கறதுக்கு ஆள் கீதுனு எழுது.” அதற்கெல்லாம் இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். துரை என்னவென்று கேட்டார். மொழிபெயர்த்தேன். “எழுதுங்கள்,” என்றார்.

நான் தவறவிட்ட விண்ணப்பங்களும் உண்டு. அவற்றைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். குறி போட வருகிறவன் கையில் பேனாவைக் கொடுக்கும் முன், அந்தக் கோடு எங்கே போய் நிற்கும் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் காரியம் கெடும் என்று வயிறு கத்தும். கத்தட்டும். எனக்குக் கத்தாத நாளே கிடையாது. அன்று தேசப்பன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எல்லம்மா என்னைச் சபித்திருப்பாள், நியாயமாகவே. அப்போதும் சொல்லித்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை கரையில் அலை உயரமாக இருந்தது. கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோவது பலகைகளைக் கயிற்றால் தைத்த சலங்குப் படகு. அது அலையில் ஏறும்போது பார்த்தால் செங்குத்தாக நிற்கும். ஏறி உட்காராத நானே இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். எல்லம்மா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடாமலே தேசப்பன் கழுத்தளவு தண்ணீரில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனான்.

“குனிஞ்சி குந்து! அல தூக்கும்போது பல்ல கடிச்சிக்கோ! மூட்டைய உடு, பலகைய புடி! மூட்ட போனா போவுது!”

அவள் என்னவோ பதில் சொன்னாள். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. படகு கையைவிட்டுப் போய், மேலே எழும்பி, மறைந்து, மறுபடி தெரிந்தது. தேசப்பன் அங்கேயே நின்றான். அலை அவன் தலைக்கு மேல் போய்வந்தது.

“தேசப்பா, போதும், கரைக்கு வா!” என்று கத்தினேன்.

அவன் திரும்பவில்லை.

“இருய்யா,” என்றான். “பெரிய அல இன்னும் ஒண்ணு பாக்கி கீது.”